6 மி.மீ. நெப்போலியன் காலாட்படை: கையில பார்த்தா அழகு, மேசையில வெச்சா ஒரே கருப்பு

குட்டிப்படை கேட்டது:

வணக்கம். மேசைப் போர் விளையாட்டுக்காக 6 மி.மீ. உயர சிப்பாய் பொம்மைகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். நெப்போலியன் காலத்து பிரெஞ்சு லைன் (வழக்கமான) காலாட்படை, 1808க்கு அப்புறம் உள்ள அமைப்பு. நாலு நாலு பேரா ஒட்டி வார்த்த உலோகப் பட்டை ஆறு, 60×30 மி.மீ. எம்.டி.எஃப். (அழுத்தின மரநார்ப் பலகை) பேஸ்ல, அதாவது அடித்தட்டுல, ரெண்டு வரிசை. மொத்தம் 24 பேர், ஒரு பட்டாலியன். மூணு இடத்துல மாட்டிக்கிட்டேன்.

ஸ்ப்ரே ப்ரைமர் (அடிப்பூச்சு) அடிச்சதும் உருவத்து மேல உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. கருப்பு ப்ரைமருக்கு மேல அடர் நீலக் கோட்டு, பட்டன் எல்லாம் வெச்சு, கடைசியா ஒரு பழுப்பு வாஷ் (பள்ளத்துல தேங்குற நீர்த்த பெயிண்ட்). ஒரு மீட்டர் தள்ளி நின்னா ஒண்ணுமே தெரியல. பேஸ் நாலு மூலையும் மேல தூக்கிக்கிச்சு.

இன்னொண்ணு, எக்ஸ்.பி.எஸ். ஃபோம்ல (பாலிஸ்டைரீன் நுரைப் பலகை) செதுக்குன குன்றுல அதே ஸ்ப்ரேயை அடிச்சேன். பக்கவாட்டுல குழி குழியா உருகிடுச்சு. எங்க தப்பு?

தூரிகைமுனை எழுதியது:

ப்ரைமரை மட்டும் சொல்றேன். மணல் மாதிரி சொரசொரப்புன்னா, பெயிண்ட் துளி உருவத்துல படுறதுக்கு முன்னாடி காத்துலயே காஞ்சிருக்கு. தூரம் அதிகமா இருந்திருக்கும், இல்ல வெயிலும் காத்தும் சேர்ந்திருக்கும். வெள்ளையா புகை படிஞ்ச மாதிரி வந்தா அது வேற வியாதி, ஈரப்பதம். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

டப்பாவை ரெண்டு நிமிஷம் முழுசா குலுக்குங்க. 20–25 செ.மீ. தூரம். உருவத்துக்கு வெளியே அழுத்த ஆரம்பிச்சு, ஒரே வீச்சுல கடந்து, மறுபக்கம் வெளியே போய் விடணும். ஒரு வீச்சு ஒரு நொடிதான். மெல்லிசா ரெண்டு தடவை போதும், இடையில பத்து நிமிஷம். இந்த அளவுல முகமே ஒரு மி.மீ. இருக்காது. ப்ரைமர் கொஞ்சம் தடிச்சாலும் மூக்கு, துப்பாக்கிப் பட்டை எல்லாம் மூடிப்போயிடும்.

கெட்டுப்போனதை உலோகம்ங்கிறதால அசிட்டோன்ல ஊறப்போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால தேய்ச்சு எடுக்கலாம். ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல நெருப்பு கூடாது, கையுறை அவசியம். பிளாஸ்டிக், ரெசின் உருவங்களுக்கு இந்த வழியை நெனைக்கவே கூடாது, கூழாயிடும். பழைய வார்ப்புல ஈயம் கலந்திருக்கலாம், அதனால அரம் போடுறப்ப தண்ணி தொட்டு ஈரமா தேய்ங்க.

முந்நூறில் ஒன்று எழுதியது:

இந்த உருவங்கள் ஏறத்தாழ 1/300 அளவு. ஒரு மீட்டர் தள்ளி இதைப் பார்ப்பது, 300 மீட்டருக்கு அப்பால் நிற்கும் நிஜ ஆளைப் பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் பட்டன் தெரியுமா? கண் தெரியுமா? நீலக் கோட்டு, வெள்ளை மார்பு, வெள்ளைக் கால், முகத்தில் ஒரு புள்ளி, இவ்வளவுதான் தெரியும். அதை மட்டும் தீட்டுங்கள்.

அடர் நீலம் வரலாற்றுப்படி சரியான நிறம்தான். ஆனால் பரப்பு சிறுத்தால் எந்த நிறமும் இருண்டு தெரியும். கருப்பு ப்ரைமரை வைத்துக்கொண்டு, கோட்டுக்கு இரண்டு படி வெளிறிய நீலம் எடுங்கள். "இது ரொம்பப் பளிச்சென்று இருக்கிறதே" என்று கையில் வைத்திருக்கும்போது உறுத்தினால், மேசையில் சரியாக இருக்கும்.

வரிசை: முதலில் வெளிர் சாம்பலில் டிரைபிரஷ் (ஏறக்குறைய உலர்ந்த பிரஷ்ஷால் மேலோட்டமாகத் தேய்ப்பது). அது மேடுகளைக் காட்டிக்கொடுக்கும். பிறகு கோட்டு, கால்சட்டை, முகம் கை, துப்பாக்கிக்குப் பழுப்பு, கடைசியில் மார்பின் குறுக்கே போகும் வெள்ளை வார். வாரை நிஜத்தைவிட இரண்டு மடங்கு தடிமனாக இழுங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே கருப்பு இழை விட்டுவிட்டால் நிழல் தானாகவே அமைந்துவிடும். அதன் மேல் பழுப்பு வாஷ் போட்டதுதான் உங்கள் படையை அணைத்துவிட்டது. வெள்ளை முழுவதும் அழுக்கேறியிருக்கும். வாஷ் வேண்டுமென்றால் முகத்துக்கும் துப்பாக்கிக்கும் மட்டும்.

மூன்று சைபர் (000, மிக மெல்லிய) பிரஷ் வேண்டாம். முனையில் பெயிண்ட் தங்காது, உருவத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். கூர் கெடாத 1ஆம் எண் போதும்.

1808 அமைப்பில் பட்டாலியனுக்கு ஆறு கம்பெனி: நான்கு ஃபுஸிலியர் (சாதாரணச் சிப்பாய்கள்), ஒரு கிரெனடியர் (தேர்ந்தெடுத்த வீரர்கள்), ஒரு வோல்டிஜர் (முன்னே பரவிச் சுடும் இலகு வீரர்கள்). கிரெனடியர் வலக்கோடி, வோல்டிஜர் இடக்கோடி. வலக்கோடியில் முன்னும் பின்னும் இரண்டிரண்டு பேருக்குத் தோளில் சிவப்புப் பொட்டு, இடக்கோடியில் அதேபோல் மஞ்சள் அல்லது பச்சை. எட்டுப் பேருக்கு வைத்த பதினாறு பொட்டில் பட்டாலியன் உயிர் பெற்றுவிடும். பட்டன் தீட்டிய நேரத்தை இதற்குச் செலவிடுங்கள்.

கொடியை அளவுக்கு மீறிப் பெரிதாகவே வையுங்கள். அச்சடித்த தாள் என்றால் வெட்டிய ஓரத்தில் வெள்ளைக் கோடு பல்லிளிக்கும். அந்தந்த நிறத்தால் ஓரத்தைத் தொட்டுவிடுங்கள்.

மேட்டுநிலம் எழுதியது:

கருப்பு ப்ரைமர் எல்லாருக்கும் பொருந்தாது. எதிரணி ஆஸ்திரிய வெள்ளைக் கோட்டுக்காரங்கன்னா சாம்பல் ப்ரைமர், மேல வெள்ளை டிரைபிரஷ், அதுக்கப்புறம் தண்ணியா நீர்த்த சாம்பல் வாஷ். கருப்புல இருந்து வெள்ளைக்கு ஏத்துறது மூணு பூச்சு வேலை.

பேஸ் வளைஞ்சது ஏன்னா, நீர் கலந்த பசை ஒரு பக்கம் மட்டும் ஏறி, காயறப்ப அந்தப் பக்கம் சுருங்குது. ஒட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஓரமும் பெயிண்ட் அடிச்சுடுங்க. 2 மி.மீ. எம்.டி.எஃப்.க்குப் பதிலா 3 மி.மீ. எடுத்தாலும் சரி, தூக்கிப் பிடிக்க விரலுக்கு இடமும் கிடைக்கும். உருவத்தைத் தொட்டே தூக்கினா பெயிண்ட் முதல்ல போறது தொப்பியிலதான்.

மணலைச் சலிக்காம போடாதீங்க. அரை மி.மீ. மணல் இந்த அளவுல 15 செ.மீ. கல். 4 மி.மீ. ஸ்டாட்டிக் கிராஸ் (செயற்கைப் புல் இழை) 1.2 மீட்டர் உயரம், மார்பளவு காடு. 1 மி.மீ. புல், இல்லன்னா பொடி ஃப்ளாக் (புல்தரைக்குத் தூவுற தூள்) போதும்.

குன்று உருகினதுக்கு ஸ்ப்ரேல இருக்கிற கரைப்பான்தான் காரணம், பாலிஸ்டைரீனை அது கரைச்சுடும். வெள்ளைப் பசையும் கருப்பு அக்ரிலிக்கும் சரிபாதி கலந்து பிரஷ்ஷால ரெண்டு கோட்டு பூசி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, அப்புறம் ஸ்ப்ரே. வெட்டின பக்கவாட்டை ரெண்டாவது முறை வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க, ஊசிமுனை அளவு விட்டாலும் அங்கிருந்துதான் அரிக்க ஆரம்பிக்கும். ஏற்கெனவே விழுந்த குழியை மூட வேண்டாம், சாம்பல் டிரைபிரஷ் போட்டா பாறைதான். சரிவைத் தட்டையா வைங்க, இல்லன்னா உலோகப் பட்டாலியன் சறுக்கி இறங்கிடும். படி படியா வெட்டினா பேஸ் நிக்கும், அழகு கொஞ்சம் குறையும். நான் படிக்கட்டுப் பக்கம்.

குட்டிப்படை கேட்டது:

நன்றி. அசிட்டோன் வேலையை நாளைக்கே ஆரம்பிக்கிறேன். வார்னிஷ் எது கடைசி, பளபளப்பா, மேட்டா (பளபளப்பில்லாததா)?

தூரிகைமுனை எழுதியது:

முதல்ல பளபளப்பு, அதுதான் உராய்வைத் தாங்கும். ஒரு நாள் கழிச்சு மேட். மழை நாள்ல மேட் ஸ்ப்ரே அடிக்காதீங்க, நீலக் கோட்டுல வெள்ளைப் பனி படியும். அப்படிப் படிஞ்சுட்டா, காஞ்ச நாளா பார்த்து மறுபடி பளபளப்பு ஒரு கோட்டு போட்டா பெரும்பாலும் தெளிஞ்சுடும். புல்லு ஒட்டுறது இதெல்லாம் முடிஞ்ச அப்புறம்.