பழைய பி.எஸ்.ஏ. மார்ட்டினி .22: இதன் வரலாற்றை எப்படித் தேடுவது?

கோவென்ட்ரிவாசி:
எங்கள் ரைபிள் கிளப்பின் மூத்த உறுப்பினர் ஒருவர், பார்வை மங்கிவிட்டதால் தன் பி.எஸ்.ஏ. மார்ட்டினியை (பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் ஆலை செய்த, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போட்டுச் சுடும் ரைபிள்) எனக்குக் கொடுத்துவிட்டார். குழல் துளை .22 அங்குலம் என்பதால், இங்கே பிரிட்டனில் எவ்வளவு பழசானாலும் லைசென்ஸ் வேண்டும். என் பெயருக்கு முறையாக மாற்றியாகிவிட்டது. 29 அங்குலக் குழல், நல்ல கனம். பக்கவாட்டில் மூன்று துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய சின்னம். துப்பாக்கியின் மரக் கட்டையில் ஒரு பித்தளை வில்லை, அதில் ‘டபிள்யூ.ஆர்.சி. 7’. எந்தக் காலத்தது, யார் யார் கையில் இருந்தது என்று தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை. கட்டை எண்ணெய் குடித்துக் கறுத்திருக்கிறது. தேய்த்து பாலிஷ் போடலாமா?

பழைய மார்ட்டினி:
தம்பி, உப்புத்தாளைத் தொடவே தொடாதீர்கள்! அந்தக் கறுப்பிலும் வில்லையிலும்தான் வரலாறே இருக்கிறது. துணியால் துடைத்தால் போதும்.

முதலில் குழலின் அடிப்பகுதியில் உள்ள முத்திரைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கிரீடத்துக்குக் கீழே பி.பி., பி.வி., என்.பி. என்று இருந்தால் அவை, துப்பாக்கிக் குழல் வெடிக்காமல் தாங்குமா என்று சோதிக்கும் பர்மிங்காம் சோதனைக்கூடம் 1904 முதல் குத்தியவை. 1921 முதல் அங்கே குறுக்காக வைத்த இரண்டு ஆயுதங்களுக்கு நடுவே ஆண்டைக் குறிக்கும் எழுத்து ஒன்றும் குத்தினார்கள். அது இல்லையென்றால் முதல் உலகப் போரை ஒட்டிய துப்பாக்கியாக இருக்க நிறைய வாய்ப்பு.

அப்புறம் குழல் வாயைப் பாருங்கள். மெல்லிய வளையம் போல ஒரு இணைப்பு தெரிகிறதா? அந்தக் காலத்து .22 தோட்டாவின் பற்றவைக்கும் மருந்து, சுட்ட பிறகு உப்பாகப் படிந்து குழலை அரித்துவிடும். சுட்ட அன்றே கழுவாவிட்டால் துரு பிடித்துக் குழி விழும். அப்படிப் போன குழல்களைக் குடைந்து உள்ளே புதுக் குழாய் செருகித் தருவது பர்மிங்காமில் பார்க்கர் என்ற துப்பாக்கிக் கடையின் பெரிய வேலை. வளையம் இருந்தால், யாரோ இதைத் தூக்கிப் போட மனமில்லாமல் காசு செலவழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு அது குறையே இல்லை, பெருமை.

கோவென்ட்ரிவாசி:
நன்றி அண்ணா. மூன்று கிரீடமும் தெரிகிறது, ஆண்டு எழுத்து இல்லை. வாயில் வளையம் இருக்கிறது!

கீதா, பர்மிங்காம்:
அந்த வில்லையை விட்டுவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் (1899-1902) பிரிட்டிஷ் படை பட்ட அடிக்குப் பிறகு, சாதாரண ஆட்களும் குறிபார்த்துச் சுடப் பழக வேண்டும் என்று அந்தப் போரில் தளபதியாக இருந்த லார்ட் ராபர்ட்ஸ் ஊர் ஊராகப் பேசினார். 1901-இல் தொடங்கிய தொழிலாளர் ரைபிள் கிளப் சங்கம்தான் சில ஆண்டுகளில் மினியேச்சர் ரைபிள் (.22 போன்ற சிறு ரைபிள்) கிளப் சங்கமாக மாறியது. தொழிற்சாலை, ரயில்வே, தபால் ஆபீஸ் என்று எல்லா இடத்திலும் கிளப். 25 கஜ அறையில் மாலை நேரப் போட்டி. உங்கள் வில்லையில் கடைசி இரண்டு எழுத்தும் ரைபிள் கிளப்தான். முதல் எழுத்து ஊரா, ஆலையா என்று தேட வேண்டும். 7 கிளப்பின் துப்பாக்கி எண்ணாக இருக்கும், அதாவது பல பேர் மாறி மாறிச் சுட்டது.

ஸ்மால் ஹீத்தில் இருந்த பி.எஸ்.ஏ. ஆலைமேல் 1940 நவம்பரில் குண்டு விழுந்து 53 தொழிலாளர்கள் இறந்தார்கள். பதிவேடுகளும் அதில் போயிருக்கலாம், அதனால் ஆலைப் பதிவேட்டை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். உள்ளூர்ப் பழைய செய்தித்தாள்களில் வாரப் போட்டி முடிவுகள் ஆள்வாரியாக, மதிப்பெண்ணோடு வந்திருக்கும். உங்கள் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள். அதற்கும் முன்னால், கொடுத்தவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு விற்றவர் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடைக்காமல் போகலாம்.

கோவென்ட்ரிவாசி:
சரி அக்கா, சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். போகும்போது வில்லையைப் பெரிதாகப் படம் எடுத்துக் கொண்டுபோகிறேன், அவர் கண்ணுக்கும் தெரியுமே.

பழைய மார்ட்டினி:
நல்லது. ஒன்று சொல்ல மறந்தேன்: ஒரே ஒரு முளையைத் தட்டினால் உள் இயந்திரம் முழுசாகக் கையில் வந்துவிடும். அதன் அடியிலும் ஒரு எண் இருக்கிறதா, வெளி எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.