வாஷிங்டனிலிருந்து பிட்ஸ்பர்க் போகும் வழியில் பழைய சுங்கச்சாவடி வீடுகள்: எங்கே திரும்புவது, என்ன பார்ப்பது?

வழிப்போக்கன் கேட்டது:
வணக்கம். அடுத்த மாதம் பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குக் காரில் போகிறோம். வழியில் நேஷனல் ரோடு (1811-இல் மத்திய அரசு மேற்கு நோக்கிப் போடத் தொடங்கிய பழைய சாலை) காலத்துச் சுங்கச்சாவடி வீடுகளைப் பார்க்க ஆசை. மேப் எப்போதும் பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற கட்டண விரைவுச்சாலைக்கே தள்ளுகிறது. எந்த வழியாகப் போனால் வரும்? உள்ளே விடுவார்களா?

மலைப்பாதை:
மேரிலாந்தின் ஹான்காக்கில்தான் முடிவு செய்ய வேண்டும். ஐ-70 அங்கே வடக்கே பிரீஸ்வுட் பக்கம் திரும்பிவிடும். நீங்கள் ஐ-68 பிடித்து மேற்கே கம்பர்லேண்ட் போங்கள். அதைத் தாண்டியதும் லாவேல்.

மேப்பில் 'யூ.எஸ். 40' என்று போட்டால் ஏமாற்றும். அந்தப் பகுதியில் யூ.எஸ். 40 ஐ-68-உடனேயே ஓடுகிறது. பழைய சாலைக்கு 'ஆல்டர்னேட் 40' என்று பெயர். லாவேலில் அதில் இறங்கினால் 1836-இல் கட்டிய செங்கல் வீடு சாலையோரத்திலேயே நிற்கும். மேரிலாந்தில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

அங்கிருந்து மறுபடி ஐ-68 ஏறாமல் ஃப்ராஸ்ட்பர்க், கிராண்ட்ஸ்வில் வழியாகவே போங்கள். கிராண்ட்ஸ்வில்லுக்குச் சற்று முன்னால் கேசல்மன் ஆற்றின் மேல் 1813-இன் ஒற்றை வளைவுக் கல்பாலம், 80 அடி அகலம் தாண்டுகிறது. கீசர்ஸ் ரிட்ஜில் யூ.எஸ். 40 தனியாகப் பிரியும், அதில் பென்சில்வேனியாவுக்குள் நுழையலாம். அடுத்தது அடிசன். புதிய சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போவதால் மெயின் ஸ்ட்ரீட்டுக்குள் திரும்பினால்தான் கல்லால் கட்டிய அந்தச் சாவடி கண்ணில் படும். மூன்றாவது சியர்ரைட்ஸ், யூனியன்டவுனைத் தாண்டி வடமேற்கே சுமார் 5 மைல். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து 51-ஆம் சாலையில் பிட்ஸ்பர்க் போகலாம்.

டர்ன்பைக்கைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடும், நிற்கும் நேரம் தனி. உட்புறம் சில நாள், சில மணி நேரம் மட்டுமே திறப்பார்கள். முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடுங்கள்.

கப்பிரோடு:
பூட்டியிருந்தாலும் போகலாம், முக்கியமானது வெளியில்தான் இருக்கிறது. கட்டண அட்டவணையை நின்று படியுங்கள். குதிரையும் ஆளும் 4 சென்ட், இருபது ஆடு அல்லது பன்றிக்கு 6, இருபது மாட்டுக்கு 12. பலர் இதோடு நகர்ந்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே சக்கர அகலத்தைப் பாருங்கள்: சக்கரம் அகலமாக ஆகக் கட்டணம் குறையும். குறுகிய இரும்புப் பட்டா ஜல்லியை வெட்டிப் பள்ளமாக்கும், அகலப் பட்டா ரோலர் மாதிரி அமுக்கிக் கெட்டியாக்கும். சாலையைக் கெடுக்கிறவன் கூடக் கொடுக்கட்டும் என்பதே கணக்கு, மிக நேர்மையான கணக்கு.

இந்தக் கட்டணமே பழுதுபார்க்கத்தான் வந்தது. 1811-இல் தொடங்கிய சாலை 1818-இல் ஒஹையோ ஆற்றங்கரை ஊரான வீலிங் போய்ச் சேர்ந்தது, சில வருடங்களிலேயே பள்ளம் பள்ளமாகிவிட்டது. மத்திய அரசே சுங்கம் வாங்கும் மசோதாவை 1822-இல் அதிபர் மன்ரோ நிராகரித்தார். அப்புறம் மத்திய அரசு பழுதுபார்த்துக் கொடுத்தபின் மாநிலங்கள் சாலையை ஏற்றுக்கொண்டு, 1830-களில் இந்தச் சாவடிகளைக் கட்டின.

வழிப்போக்கன்:
மிக்க நன்றி! எல்லோரும் கட்ட வேண்டுமா? சாவடி ஏன் சதுரமாக இல்லாமல் பல பக்கங்களோடு பட்டை பட்டையாக இருக்கிறது?

மலைப்பாதை:
முன்னால் பிதுங்கிய பக்கங்களின் ஜன்னல்கள் வழியாகச் சாலையின் இரண்டு திசையும் தெரியும். குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்த வசூல்காரர், வண்டி வருவதை உள்ளிருந்தே பார்த்துவிடுவார்.

வழிபாடு, இறுதிச் சடங்கு, பள்ளிக்கூடம், மாவு மில் போகிற உள்ளூர்க்காரர்களுக்குப் பென்சில்வேனியாவில் விலக்கு இருந்தது. மத்திய அரசின் தபால் ஏற்றிய வண்டிக்கும் விலக்குதான், ஆனால் அதில்தான் தகராறு. அதில் ஏறிய பயணிகளைக் காட்டி மாநிலம் கட்டணம் கேட்க, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1845-இல் மாநிலம் தோற்றது. அந்தச் சாலையின் கமிஷனர் வில்லியம் சியர்ரைட். மூன்றாவது சாவடிக்கு அவர் குடும்பப் பெயர்தான்.

கப்பிரோடு:
சாலையோரம் வார்ப்பிரும்பு மைல்கல் தென்பட்டால் விடாதீர்கள், கம்பர்லேண்டுக்கும் வீலிங்குக்கும் தூரம் போட்டிருக்கும். யூனியன்டவுனுக்கு முன்னால் செஸ்ட்நட் ரிட்ஜிலிருந்து இறங்கும் சரிவு நீளம், செங்குத்து. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடாகிப் பிடிக்காமல் போகும். உச்சியிலேயே லோ கியருக்கு மாற்றுங்கள். நவம்பருக்கு மேல் என்றால் கீசர்ஸ் ரிட்ஜ் பக்கம் பனிமூட்டமும் பனிப்பொழிவும் உண்டு, அன்று காலை வானிலை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.