ஹோஸ்டிங் மறுவிற்பனை தொடங்கலாமா?

களுவாஞ்சிகுடிக் கடை:
கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். தெரிந்த வியாபாரிகளுக்கு வேர்ட்பிரஸ்ஸில் இணையத்தளமும் செய்து கொடுக்கிறேன்: அரிசி ஆலை, மருதமுனையில் ஒரு கைத்தறிக் கடை, பாசிக்குடாவில் ஒரு விடுதி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சேர்வர் இடம்) வாங்கி, என் வங்கி அட்டையில் கட்டி, பிறகு காசு கேட்டு அலைவது அலுத்துவிட்டது. மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்கும் மறுவிற்பனைத் திட்டம் ஒன்றில் 50 ஜிபி தருகிறார்கள். ஒரு கடைக்கு 1 ஜிபி போதும், ஆகவே 50 பேருக்கு விற்கலாம் என்பது என் கணக்கு. சரிவருமா? இரவில் சேர்வர் விழுந்தால் என்ன செய்வது?

கல்முனை வாசி:
தம்பி, ஜிபி கணக்கை ஓரமாக வையுங்கள். அந்தத் திட்டத்தில் எத்தனை சிபேனல் கணக்குகள் என்று பாருங்கள். சிபேனல் என்பது தளத்தையும் அஞ்சலையும் நிர்வகிக்கும் மென்பொருள், ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு கணக்கு. 2019 இல் சிபேனல் நிறுவனம் உரிமக் கட்டணத்தைக் கணக்குகளின் எண்ணிக்கைப்படி மாற்றிவிட்டது. அதன் பிறகு இடம் எவ்வளவு கிடந்தாலும் கணக்குகளுக்கு எல்லை போட்டுத்தான் பலர் விற்கிறார்கள். ஐநோட் எல்லையும் உண்டு. கோப்புகளின் எண்ணிக்கை அது. பெரும்பாலான சேர்வர்களில் ஒவ்வொரு மின்னஞ்சலும் தனிக் கோப்பு. வந்த அஞ்சல் எதையும் அழிக்காத முதலாளி ஒருவர் போதும், இடம் நிரம்பும் முன்பே ஐநோட் நிரம்பிவிடும்.

சேர்வர் விழுந்தால் மேலே இருக்கிற கொம்பனி பார்த்துக்கொள்ளும். அவர்களிடம் டிக்கெட் (முறைப்பாடு) போட்டுவிட்டு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வதுதான் உங்கள் வேலை. தூக்கத்தைக் கெடுப்பது மின்னஞ்சல்தான். அறுகம்குடாவில் எனக்கு ஒரு விடுதிக்காரர் இருக்கிறார். நல்ல சீசனில், அறை கேட்ட ஜேர்மன்காரருக்கு அவர் அனுப்பிய பதில் ஸ்பாமில் போய்க் கிடந்தது. அந்த அஞ்சலின் தலைப்பு விவரங்களை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அஞ்சல் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து (தளப் பெயரிலிருந்து) வந்ததுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப் சரி, டிகேஐஎம் சரி. சேர்வரின் ஐபியை (இணைய முகவரி எண்ணை) குப்பை அஞ்சல் தடைப்பட்டியலில் தேடினால், அங்கே இருக்கிறது! அதே சேர்வரில் வேறு யாருடையதோ தளத்தின் தொடர்புப் படிவம் வழியாகக் குப்பை அஞ்சல் கொட்டியிருக்கிறது. ஒரு ஐபியில் ஊரே குடியிருந்தால் அப்படித்தான். இப்போது விடுதிகள் எல்லாவற்றுக்கும் அஞ்சல் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றி, அஞ்சலை மட்டும் ஸோஹோவுக்கோ கூகுளுக்கோ கொண்டுபோய்விடுகிறேன். எப்படியிருந்தாலும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டையும் போடுங்கள். 2024 பெப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்புகிற எல்லோருக்கும் ஒன்றாவது கட்டாயம்.

விலை விஷயத்தில் ஒன்று. நீங்கள் டொலரில் மாதாமாதம் கட்டப்போகிறீர்கள், ரூபாவில் ஓராண்டுக்கு வாங்கப்போகிறீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் மே மாதம் 360 ரூபாவுக்குப் போனது நினைவிருக்கும். பத்துப் பேர் சேர்ந்ததும் நீங்களும் ஆண்டுக் கட்டணத்துக்கு மாறுங்கள். பில்லில் 'புதுப்பிக்கும்போது விலை மாறலாம்' என்று எழுதாமல் கொடுக்க வேண்டாம்.

அக்கரைப்பற்றுக் காக்கா:
டொமைனை வாடிக்கையாளரின் பெயரிலேயே பதியுங்கள், .கொம் ஆனாலும் .எல்கே ஆனாலும். காசு தராதவரின் டொமைனைப் பிடித்து வைக்கலாம் என்று சிலர் தங்கள் பெயரில் பதிகிறார்கள். நம் பக்கத்தில் அந்தக் கதை அடுத்த ஜும்ஆவுக்குள் எல்லாக் கடைக்கும் போய்விடும். தொடர்பு முகவரியாக அதே டொமைனின் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த முகவரியும் செத்துவிடும், எச்சரிக்கைக் கடிதம் யாருக்கும் வராது.

களுவாஞ்சிகுடிக் கடை:
நன்றி அண்ணன், நன்றி காக்கா. பில் போட டபிள்யூஎச்எம்சிஎஸ் என்கிற ஹோஸ்டிங் பில் மென்பொருள் வாங்க வேண்டுமா?

கல்முனை வாசி:
இப்போது வேண்டாம், எக்செல் போதும். டொமைன் முடியும் திகதிக்கும் ஹோஸ்டிங் முடியும் திகதிக்கும் தனித்தனி நிரல் போடுங்கள். இரண்டும் ஒரே நாளில் வருவது அபூர்வம். மிஞ்சுகிற காசில் வேறொரு கொம்பனியிடம் பேக்கப் இடம் வாங்குங்கள். வாங்கிய வாரமே ஒரு தளத்தை அதிலிருந்து மீட்டுப் பாருங்கள்.