எஸ்.எஸ். நட்டும் போல்ட்டும் கடித்துக்கொள்வது ஏன்?

மரைச்சுற்று (கேள்வி):
எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகில் ஒரு வகை) போல்ட்டில் அதே உலோகத்தாலான நட்டை இறுக்கும்போது, துருவோ தூசியோ இல்லாமலேயே அது பாதி வழியில் கடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர மறுக்கிறது. சொரசொரப்பினால்தான் உராய்வு என்று பள்ளியில் படித்தோம். வழவழப்பான மரை சிக்குவதற்கு ஒட்டுதல் காரணமாக இருக்க முடியுமா?

உலோகன்:
முடியும். எவ்வளவு மெருகேற்றிய பரப்பிலும் நுண்ணிய மேடுகள் உண்டு. இரு பரப்புகள் அவற்றின் நுனிகளில் மட்டுமே தொடுவதால், அங்கே அழுத்தம் மிகுந்து உலோகம் நசுங்கி, அணுக்கள் நெருங்கிப் பிணைகின்றன. நகர்த்துவதற்கு அப்பிணைப்புகளை வெட்டியாக வேண்டும் என்பதே கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பௌடனும் டேபரும் உராய்வுக்குத் தந்த விளக்கத்தின் சாரம். சுமை இரட்டித்தால் நசுங்கித் தொடும் பரப்பும் ஏறத்தாழ இரட்டிப்பதால்தான் உராய்வு சுமைக்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. அப்படியானால் தூக்கும்போது ஏன் ஒட்டிக்கொண்டு வருவதில்லை என்ற ஐயம் நியாயமானது: சுமை நீங்கியதும் சுற்றியுள்ள உலோகம் மீள்தன்மையால் நிமிர்ந்து பிணைப்புகளை உடைத்துவிடுகிறது. இண்டியம் போன்ற மிக மென்மையான உலோகத்தைத் தூய எஃகின்மேல் அழுத்தினால், தூக்கும்போதும் அந்த ஒட்டுதலை உணரலாம்.

பட்டறைவாசி:
எஸ்.எஸ். உலோகத்தைக் காப்பது அதன்மேல் உள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். மரை இறுகும்போது அது கிழிய, காற்று புகாத இடுக்கில் மீண்டும் உருவாக வழியின்றி, வெற்று உலோகம் தன் இனத்தோடே பிணைகிறது. பிணைப்பு உலோகத்தைவிட வலுவாகிவிட்டால், வெட்டு தொடுமுகத்தில் நிகழாமல் ஒரு பக்கத்தின் உள்ளே நிகழ்கிறது. பெயர்ந்த துணுக்கு மறுபக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. 304 சிதையச் சிதையக் கடினமாகும் உலோகம் என்பதால், அத்துணுக்கு அடுத்த மரையை உழுது மேலும் உலோகத்தைச் சேர்க்கிறது. மாலிப்டினம் டைசல்பைடு கலந்த உயவுப் பசையைத் தடவி, இம்பாக்ட் கன்னை (அடித்தடித்து வேகமாக இறுக்கும் கருவி) தவிர்த்து, கையால் மெதுவாக இறுக்குங்கள்.

உலோகன்:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உராய்வு குறைந்தால் தேய்மானமும் குறையும் என்று கொள்ளக் கூடாது. டெஃப்லானின் உராய்வு மிகக் குறைவு. ஆயினும் அது விரைவில் தேய்வதால்தான் கண்ணாடி இழை முதலியவற்றைக் கலக்கிறார்கள். 1953-இல் ஆர்ச்சர்டு தந்த தேய்மான விதியிலும் சுமை, நகர்ந்த தூரம், கடினத்தன்மை ஆகியவற்றோடு ஒரு தேய்மானக் கெழு வருகிறதே தவிர, உராய்வுக் கெழு வருவதில்லை.

பட்டறைவாசி:
பசை தடவிய போல்ட்டுக்கு உலர்ந்த மரைக்கான டார்க் (திருப்புவிசை) அளவை அப்படியே வைக்காதீர்கள். உராய்வு குறைவதால் அதே திருப்புவிசையில் போல்ட் கூடுதலாக இழுபட்டு நீண்டுவிடும். பசையின் தயாரிப்பாளர் தரும் உராய்வுக் கெழுவைக் கொண்டு அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.