கல்லீரல் புற்றுநோய்: மரபணுச் சிகிச்சையோடு கதிர்வீச்சு, மருந்து எடுத்தவர்கள் பகிரவும்

மூத்த மகள்
அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி பல வருடம் இருந்து, கல்லீரல் சுருங்கி, அதில் கட்டி வந்துவிட்டது. கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்குள்ளும் பரவியதால் அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றார்கள். சோராஃபெனிப் மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளில் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. டம்ளரைத் துண்டால் சுற்றித்தான் பிடிக்கிறார். 2007-லேயே அனுமதி பெற்ற மருந்து, ஆனால் கூடுதலாகக் கிடைப்பது சில மாதம்தான் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். பெரிய ஆய்வில் உயிர்வாழும் காலம் 7.9 மாதத்திலிருந்து 10.7 ஆனதாம். கதிர்வீச்சும் மரபணுச் சிகிச்சையும் சேர்த்துக் கொடுப்பதைப் பற்றி யாராவது சொல்லுங்கள்.

கூடவே இருந்தவள்
என் கணவர் பெக்ஸா-வெக் ஆய்வில் இருந்தார். பெரியம்மைத் தடுப்பூசி வைரஸை மாற்றி, நோய் எதிர்ப்பைத் தூண்டும் மரபணுவை ஏற்றி, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே கட்டிக்குள் ஊசி போடுவார்கள். அப்புறம் சோராஃபெனிப். ஊசி போட்ட ராத்திரி காய்ச்சலும் நடுக்கமும். எத்தனை போர்வை போர்த்தினாலும் பல் தந்தியடித்தது. இப்படி வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படாமல் இருந்தேன். மாத்திரை மட்டும் எடுப்பதைவிட அதிகப் பலன் கிடைக்காது என்று தெரிந்து 2019-இல் ஆய்வையே நிறுத்திவிட்டார்கள். அது பெரிய அடி. இருந்தாலும் சேர்ந்ததற்கு நான் வருந்தவில்லை. ஒவ்வொரு ஸ்கேனையும் உட்கார்ந்து விளக்கினார்கள்.

கதிர்வீச்சுப் பிரிவு ஊழியர்
சகோதரி, சேர்த்துக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கதிர்வீச்சு செல்லின் டிஎன்ஏவை உடைக்கும். உடைந்ததைக் கண்டு செல்லைச் சாகச் சொல்வது பி53 மரபணு. பல கல்லீரல் கட்டிகளில் அதுவே பழுதாகியிருக்கும், அதனால் செல் அடி வாங்கியும் பிழைத்துக்கொள்ளும். நல்ல பி53-ஐ வைரஸ் வழியாக உள்ளே அனுப்பினால் கதிர்வீச்சு நன்றாகப் பிடிக்கும் என்பது எண்ணம். சீனாவில் 2003-இல் இப்படி ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள், ஆனால் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு. கல்லீரலில் இது இன்னும் ஆய்வுதான். உறுதியான சிகிச்சை என்று யாராவது விற்றால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

கதிர்வீச்சும் சோராஃபெனிப்பும் சேர்ந்ததற்குச் சான்று இருக்கிறது: ஓர் ஆய்வில் உயிர்வாழ்ந்த காலம் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 12.3 மாதம், துல்லியக் கதிர்வீச்சுக்குப் பின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 15.8 மாதம். மூச்சு விடும்போது கல்லீரல் மேலும் கீழும் நகரும். அதனால் வயிற்றில் பட்டை இறுக்கியோ மூச்சைப் பிடிக்கச் சொல்லியோ கொடுப்போம். கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடி அசையாமல் படுத்திருக்க வேண்டும். பலருக்குத் தோள்வலிதான் முதல் புகார்.

கட்டியைவிட மிச்சக் கல்லீரலைத்தான் நாங்கள் அதிகம் பார்ப்போம். கல்லீரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று காட்டும் சைல்டு-பியூ வகை அப்பாவுக்கு ஏ-யா (நல்ல நிலை), பி-யா? ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் காமாலையில் கூடும் நிறமி) எவ்வளவு? வயிற்றில் நீர் இருக்கிறதா?

மூத்த மகள்
ஏ என்றுதான் எழுதியிருக்கிறது, நீர் இல்லை. அடுத்த முறை போகும்போது கதிர்வீச்சு டாக்டரையும் பார்க்க வேண்டும் என்று கேட்கப்போகிறேன்.