கலைச்சொல்: ‘டெப்ளொராசியோன்’ – கையறுநிலைப் பாட்டு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். இறந்த ஒருவருக்கு இரங்கிப் பல குரல்களுக்கென இசையமைத்த பழைய ஐரோப்பியப் பாடலே ‘டெப்ளொராசியோன்’ (déploration). அதற்கான தமிழ்ச்சொல் பற்றி நம் குழுவில் வந்த கருத்து இது:

> ‘டெப்ளொராசியோன்’ என்பதற்கு ‘இரங்கற்பா’ போதும். ‘இசை ஒப்பாரி’ என்றாலும் தவறில்லை.

இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. இரங்கற்பா என்றதும் நினைவு மலரில் அச்சாகும் வெண்பாதான் கண்முன் வருகிறது. பாடுகுரல் காதில் விழுவதில்லை. ஒப்பாரியோ பெண்கள் உறவைச் சொல்லிச் சொல்லி அழுவது, பாடும்போதே பிறப்பது. நாம் பேசுவது நான்கைந்து குரல்களுக்கென்று எழுதிவைத்துத் தேர்ந்த பாடகர்கள் பாடிய இசையைப் பற்றி.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பிரான்சின் வடமேற்கிலுள்ள பிரிட்டனியின் கோமகளும் இருமுறை பிரான்சின் அரசியுமான ஆன், 1514 ஜனவரி 9 அன்று புளுவாவில் இறந்தார். வயது 36. ஓவியர் ழான் பூர்திஷோனைக் கொண்டு அவர் வரைவித்த செபநூலின் ஓரங்களில் 300-க்கும் மேற்பட்ட செடிகள் இருக்கின்றன; லத்தீனிலும் பிரெஞ்சிலும் பெயர்கள் எழுதியிருக்கும். (Book of Hours எனப்படும் அந்த நூல்வகைக்கு ‘மணிநேர நூல்’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏறியிருப்பது உறுத்துகிறது. ரயில்வே கால அட்டவணை போல ஒலிக்கிறது. ‘வேளைச் செபநூல்’ என மாற்றக் கோருகிறேன்.)

ஆனின் ஆதரவில் இருந்த இசையமைப்பாளர் ழான் மூத்தோன், அவர் மறைவுக்கு ஒரு லத்தீன் பாடலுக்கு இசையமைத்தார். அதில் வரும் கேள்விகளைப் பாருங்கள்: பிரிட்டனியே, ஏன் அழுகிறாய்? இசையே, ஏன் வாய்மூடி இருக்கிறாய்? பிரான்சே, துக்க உடை பூண்டு ஏன் துயரில் கரைகிறாய்? நாட்டைக் கூப்பிட்டுக் கேட்கும் இந்த முறை நமக்குப் புதிதா என்ன? ஒல்லையூர்த் தலைவன் சாத்தன் இறந்தபின் ‘முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே’ என்று குடவாயிற் கீரத்தனார் கேட்டது புறநானூற்றின் 242ஆம் பாட்டு. அதன் துறை, இறந்தவரை எண்ணிப் புலம்பும் கையறுநிலை. சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் தேடுகிறோம்?

இதற்கு வரக்கூடிய மறுப்பு: ஜோஸ்கன் தெ ப்ரே இசையமைத்த புகழ்பெற்ற இரங்கல் அரசருக்கோ அரசிக்கோ அன்று, 1497-இல் இறந்த சக இசையமைப்பாளர் ஓக்கெகெமுக்கு. துக்க உடை அணியுங்கள் என்று ஜோஸ்கனையும் மற்ற இசைஞர்களையும் பெயர்சொல்லி அழைக்கும் பாடல் அது. இருக்கட்டும். கழிந்தோரை நினைந்து ஒழிந்தோர் புலம்புவது என்றுதான் தொல்காப்பியம் சொல்கிறது. இறந்தவர் புரவலராகவே இருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு இல்லை.

நாளிதழ்கள் ‘கையறு நிலையில் விவசாயிகள்’ என்று எழுதி அச்சொல்லை வேறு பக்கம் இழுத்துவிட்டன என்பது உண்மை. அதனால்தான் ‘பாட்டு’ என்ற ஒட்டைச் சேர்க்கிறேன். பிரெஞ்சில் அமைந்ததை மட்டுமே டெப்ளொராசியோன் என்று கொண்டு, மூத்தோனுடையதை இரங்கல் மோட்டெட் (பல குரல்களுக்கான லத்தீன் பாடல்) எனப் பிரிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ‘லத்தீன் கையறுநிலைப் பாட்டு’ என்று அடைகொடுத்தால் தீர்ந்தது.

ஆகவே தலைச்சொல்லாகக் ‘கையறுநிலைப் பாட்டு’, மாற்றுச்சொல்லாக ‘இரங்கற்பா’ என்று இடலாம். ‘இசை ஒப்பாரி’யை நீக்கிவிடலாம். 17ஆம் நூற்றாண்டில் லூட் என்ற நரம்பிசைக் கருவியை வாசித்த பிரெஞ்சுக் கலைஞர்கள் குரலின்றிக் கருவியிலேயே இசைத்த ‘தோம்போ’ என்ற இரங்கல் இசைக்கு இது பொருந்தாது; அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.