தினம் ஒரு வண்டி தருகிறார்கள், இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஓடுகிறது. யாராவது வழி சொல்லுங்கள்

முத்தியால்பேட்டை தம்பி, இரவு 9:40
எல்லாருக்கும் வணக்கம். வந்து 19 நாள் ஆகிறது. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. ஒரே வேனைத் தருவதில்லை, காலையில் எந்தச் சாவி கையில் விழுகிறதோ அதுதான். இன்று ஒரு ரவுண்டானாவில் திரும்பும்போது இண்டிகேட்டர் போட்டேன், வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கீச்சென்று ஓடியது. அதை நிறுத்தப் பார்த்ததில் கிளட்சை விட்டுவிட்டேன், வண்டி ஆஃப். பின்னால் ஒரே ஹாரன். அப்புறம் ஒரு கடை வாசலில் ரிவர்ஸ் விழவே இல்லை. கடைக்காரரே வந்து போட்டுக் கொடுத்தார். ஊரில் 6 வருஷம் ஸ்விஃப்ட் ஓட்டியவன் நான். இப்போது கை நடுங்குகிறது. இன்னொரு தடவை ஏதாவது ஆனால் வேலை போய்விடும். நாளை 5 மணிக்கு மறுபடி வேறு வண்டி. என்ன செய்வது?

ஷார்ஜா கடலூரான், 9:52
தம்பி, முதலில் லைசென்ஸை ஒழுங்காக எடு, மற்றதெல்லாம் பிறகு. எனக்கு இங்கே நாலாவது டெஸ்ட்டில்தான் கிடைத்தது. 2011இல் வந்தேன், ஒரு ரூமில் 9 பேர். டெஸ்ட் பணத்துக்காக ஊரில் அம்மா வளையல் அடகுக்குப் போனது. அந்த ஆறு மாதத்தை இன்றும் நினைக்கப் பிடிக்காது. முதல் வேலையில் முதலாளியின் ஆட்டோமேட்டிக் காரைக் கொடுத்தார்கள். அதில் கியரே ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் சின்ன லிவராக இருந்தது. மாருதியில் இண்டிகேட்டர் இருக்கும் அதே இடம். லேன் மாறப்போய் அதைத் தட்டினேன், ஓடும் வண்டி நியூட்ரலுக்குப் போய்விட்டது. பின்னால் லாரி. அன்று தப்பித்தது மறுபிறப்பு.

லண்டன் நெல்லிக்குப்பம், 10:01
இவ்வளவு பயம் தேவையில்லை தம்பி. ஸ்டியரிங் நம்ம ஊர் மாதிரியே வலப்பக்கம்தானே. இண்டிகேட்டர் மட்டும் இடது கைக்கு மாறியிருக்கும். இரண்டு வாரத்தில் கை தானாகப் பழகிவிடும். எனக்கு அப்படித்தான்.

ஷார்ஜா கடலூரான், 10:04
தானாக எப்படிப் பழகும்? அவனுக்குத்தான் தினம் ஒரு வண்டியாயிற்றே.

நெல்லித்தோப்பு அக்கா, 10:10
கண்ணு, எந்த நாடு என்றே நீ சொல்லவில்லை. கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா? இன்னொரு தடவை என்கிறாயே, முதல் தடவை என்ன ஆச்சு? ஆளுக்கொரு ஊரை நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறோம்.

முத்தியால்பேட்டை தம்பி, 10:13
மன்னிக்கணும் அக்கா, பதற்றத்தில் விட்டுப்போச்சு. பிரான்ஸ், பாரிஸ் புறநகர். எல்லாம் கியர் வண்டிதான். போன வாரம் ஒரு தூணில் பக்கக் கண்ணாடி போய்விட்டது.

லண்டன் நெல்லிக்குப்பம், 10:15
அப்போ நான் சொன்னதை விட்டுவிடு தம்பி. அங்கே ஸ்டியரிங்கே இடப்பக்கம்.

நெல்லித்தோப்பு அக்கா, 10:24
நான் பாரிஸ் பக்கம் சார்செல்லில் 14 வருஷமாக இருக்கிறேன். புதிதாக வந்த பையன் கையில் சாவியைக் கொடுத்து, பத்து நிமிஷம் கூட உட்காரவிடாமல் துரத்துவது பெரிய அநியாயம். உடைந்த கண்ணாடிக்கும் அவன் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். என் வீட்டுக்காரருக்கும் இதேதான் நடந்தது.

ஷார்ஜா கடலூரான், 10:29
வண்டி செய்கிறவர்களையும் கேட்க வேண்டும் அக்கா. ஏசி, லைட் எல்லாம் திரைக்குள்ளே போய்விட்டது. டெஸ்லா மாடல் 3இல் 2023 கடைசியில் வந்த மாற்றத்தில் இண்டிகேட்டர் லிவரையே எடுத்துவிட்டு ஸ்டியரிங்கில் பட்டன் வைத்தார்கள். ஸ்டியரிங் பாதி திரும்பியிருக்கும்போது அந்தப் பட்டன் எங்கே இருக்கும்? ஐரோப்பாவில் கார் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் யூரோ என்கேப், 2026இலிருந்து இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், ஹசார்டு லைட்டுக்குக் கையால் தொடும் லிவரோ பட்டனோ இருப்பதற்கும் மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. இதைச் சொல்ல இத்தனை வருஷமா?

மஞ்சக்குப்பம் ஆக்டிங் டிரைவர், 10:47
அவன் காலையில் 5 மணிக்கு வண்டி எடுக்க வேண்டும், அதைப் பார்ப்போம். நான் வெளிநாடு போனதில்லை. ஆனால் 22 வருஷமாகத் தினம் அடுத்தவர் வண்டிதான் ஓட்டுகிறேன். காலையில் வேகன்ஆரில் பாண்டி ஜிப்மர், ராத்திரி ஸ்கோடாவில் சென்னை ஏர்போர்ட். அதனால் சொல்கிறேன்.

தம்பி, மாருதியில் இண்டிகேட்டர் ஏன் வலது கைக்கு? இடது கை கியருக்குப் போகும். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் என்றால் வலது கை கியருக்குப் போகும், இண்டிகேட்டர் இடது கைக்கு. ஆக ஸ்விஃப்டில் பழகினது வீணாகவில்லை. கதவுப் பக்கக் கைதான் இண்டிகேட்டர். வலது, இடது என்று யோசிக்காதே, கதவு என்று நினை. நம்ம ஊரில் ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் மாதிரி சில வண்டிகள்தான் இதில் மாறும், லண்டன்காரர் சொன்ன மாதிரி.

பெடல் எங்கேயும் மாறாது. கியரும் அப்படியே, ஆனால் ஸ்விஃப்டில் முதல் கியர் உன்னைவிட்டுத் தள்ளி இருக்கும், அங்கே உன் தொடைப் பக்கம் வரும். அவசரத்தில் மூன்றாவதில் போட்டுவிட்டு எடுத்தாலும் வண்டி ஆஃப் ஆகும்.

ரிவர்ஸ்தான் வண்டிக்கு வண்டி வேறு. ஃபோக்ஸ்வாகனில் லிவரைக் கீழே அமுக்கி இடது மேல். ரெனோவில் குமிழுக்கு அடியில் ஒரு வளையம் இருக்கும், அதை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது மேல். இன்று உனக்கு விழாதது அந்த வளையமாகத்தான் இருக்கும். குமிழ் மேலேயே படம் இருக்கும், பார்.

4:45க்குப் போய்விடு. இன்ஜினை எழுப்பாமல் உட்கார். சீட், கண்ணாடி சரிசெய். கிளட்சை மிதித்து ரிவர்ஸை மூன்று தரம் போட்டு எடு. ஹேண்ட் பிரேக் லிவரா பட்டனா? பட்டன் என்றால் பெரும்பாலும் இழுத்தால் பிடிக்கும், பிரேக்கை மிதித்து அமுக்கினால் விடும். பிறகு சாவியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இண்டிகேட்டர், வைப்பர், லைட், ஹாரன் எல்லாவற்றையும் கையால் தேடு. கை போகிற இடத்தில் அது இருக்க வேண்டும்.

ஓடும்போது வைப்பர் ஓடிவிட்டால் ஓடட்டும். குனிந்து பார்க்காதே. திரும்பி முடி, ஓரமாக வந்து நிறுத்து. வைப்பர் ஓடி யாரும் சாகவில்லை, குனிந்து பார்த்தவர்களை ஈசிஆரில் நான் பார்த்திருக்கிறேன். ஒரு வாரம் ஒரே வண்டி தரச்சொல்லிக் கேள்.

நெல்லித்தோப்பு அக்கா, 10:58
கேட்காதே கண்ணு. 19 நாளில் கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். மற்றதெல்லாம் அண்ணன் சொன்னபடி செய். இரண்டு சேர்க்கிறேன். பழைய பிரெஞ்சு வண்டி சிலவற்றில் ஹாரன் இண்டிகேட்டர் லிவரின் நுனியில் இருக்கும். அப்புறம், பங்கில் 'காசோல்' என்றால் டீசல், பெட்ரோல் இல்லை. வட்டத்துக்குள் இ10 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். டேங்க் மூடிக்குள் பார்த்துவிட்டுப் போடு. மூடி எந்தப் பக்கம் என்பதை மீட்டரில் பங்கு படத்துக்குப் பக்கத்து அம்பு காட்டும். நம்ம லைசென்ஸ் இங்கே தங்கத் தொடங்கியதிலிருந்து 1 வருஷம்தான் செல்லும், இப்போதே டிரைவிங் பள்ளியில் பதிந்துவிடு.

முத்தியால்பேட்டை தம்பி, மறுநாள் மாலை 6:20
அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. இன்று ரெனோதான் வந்தது, வளையம் இருந்தது. கதவு, கதவு என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். இரண்டு தரம் வைப்பர் ஓடியது, விட்டுவிட்டேன். 61 பார்சல் முடித்தேன், கீறல் இல்லை. நாளைக்கு ஃபோக்ஸ்வாகன் என்கிறார்கள். இன்ஜின் ஓடாதபோதும் லிவர் அமுங்குமா அண்ணா?

மஞ்சக்குப்பம் ஆக்டிங் டிரைவர், 6:31
அமுங்கும். கிளட்சை முழுசாக மிதி, உள்ளங்கையால் நேராக அமுக்கு. போய்ச் சாப்பிட்டுத் தூங்கு.